ஒரே பெரியவங்கள வருஷக்கணக்கா பாலோ பண்ற ஆராய்ச்சியால நம்ம ஊரு ஆளுங்களுக்கு என்ன லாபம்?

இருக்குங்க, ஒரே தடவ கேட்டா எப்படி ஏமாந்து போவோம்னு எங்க வேலூர் பக்கமே ஒரு உதாரணம் இருக்கு. 10/66னு ஒரு டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கற சக்தியும் கொறைஞ்சுட்டே போற நோய், அதுக்கான ஆராய்ச்சிக் குழு இருக்கு. அந்தப் பேரு வெச்சப்போ இந்த நோய் இருக்கறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு, அதாவது 66 சதவீதம் வளரும் நாடுகள்ல இருந்தாங்க, ஆனா ஜனங்ககிட்ட நேரா போய் செஞ்ச ஆராய்ச்சில 10 சதவீதம் கூட அங்க நடக்கல, அதான் அந்தப் பேரு. கியூபா, பெரு, சீனானு பல நாட்டுல பண்ணத இங்க கணியம்பாடி ஒன்றியத்துல சிஎம்சி ஆஸ்பத்திரிகாரங்க 65 வயசு தாண்டின 1000 பேர்கிட்ட பண்ணாங்க. ஒரு அளவுகோல்ல நூத்துக்கு பத்து பேருக்கு மேல டிமென்ஷியா, இன்னொரு அளவுகோல்ல நூத்துக்கு ஒருத்தர் கூட தேறல. அதே ஊரு, அதே ஜனங்க!

காரணம் என்னன்னா, ரெண்டாவது அளவுகோலுக்கு அன்றாட வேலை கெட்டுப்போச்சுனு வீட்டுல சொல்லணும். எங்க தெருவுல ஒரு ஆயா களில உப்ப ரெண்டு தரம் போட ஆரம்பிச்சாங்க, மருமக உடனே "நீ குந்து அத்த, நான் பாத்துக்கறேன்"னு துடுப்ப வாங்கிட்டாங்க, ரேஷனுக்கு பேரன் போறான், ஓஏபி (முதியோர் பென்ஷன்) பணத்த மகன் எண்ணி வாங்கறாரு, அப்புறம் யாரு வந்து கேட்டாலும் "ஆயா நல்லா தான் கீது" தான் பதிலு. பாசமா தான் செய்றாங்க, ஆனா நோய் அதுக்குள்ளயே மறைஞ்சிடுது.

திரும்பத் திரும்ப அதே ஆள பாக்கறது இதுக்கு தான். அமெரிக்கால 1992லருந்து ஹெச்ஆர்எஸ்னு அதே பெரியவங்கள திரும்பத் திரும்ப பாக்கற ஆராய்ச்சி நடக்குது, அதே வகைல நம்ம நாட்டுல லாசினு ஒண்ணு, 2017-18ல முதல் சுத்து, 45 வயசு தாண்டினவங்க, அவங்க வீட்டுக்காரர் வீட்டுக்காரம்மானு சேத்து 72,000 பேருக்கு மேல. கைப்பிடி பலம், நடக்கற வேகம் எல்லாம் அளந்து, பத்து வார்த்தை சொல்லி எத்தன ஞாபகம் இருக்குனு கேப்பாங்க. ஒரு தடவ மட்டும் கேட்டா 70 வயசு ஆயா கம்மியா சொன்னது வயசாலயா இல்ல பள்ளிக்கூடமே போகாததாலயானு பிரிக்கறது ரொம்ப கஷ்டம், அதே ஆயாவ சில வருஷம் கழிச்சு கேட்டா தான் இறங்குதானு தெரியும்.

லாசிக்கு நாமளா போய் பேர் குடுக்க முடியாதுங்க, வீட்ட அவங்க தான் குலுக்கல்ல எடுக்கற மாதிரி எடுப்பாங்க. வந்தா தயவுசெஞ்சு திருப்பி அனுப்பாதீங்க, "நல்லா இருக்காங்க"னு ஒரே வார்த்தைல முடிக்காம எந்தெந்த வேலைய அவங்க கையிலருந்து நீங்க வாங்கிட்டீங்கனு ஒண்ணு விடாம சொல்லுங்க.