30க்கு 40 அடி சைட்டிலும் பறவை, பட்டாம்பூச்சி: பெங்களூர்த் தோட்டக் கேள்வி பதில்

ஸ்ரீராம்புரம்: சார், வீட்டுக்குப் பின்னாடி 5 அடி அகலத்துல ஒரு துண்டு மண் இருக்கு. பட்டாம்பூச்சி வர என்ன பூச்செடி வைக்கலாம்?

பூவைப் பிறகு பார்ப்போம். முதலில் புழுவுக்கு இலை வேண்டும். பட்டாம்பூச்சி தேனைப் பலவகைப் பூக்களில் குடிக்கும், ஆனால் முட்டையைக் குறிப்பிட்ட செடியில்தான் இடும். கறிவேப்பிலை, எலுமிச்சை வைத்தால் எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி வரும். எருக்குக்கு வெந்தய வரியன், ஈஸ்வரமூலிக்கு சிவப்புடல் அழகன். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செடியாவது இருக்கட்டும். ஒற்றைச் செடியைப் புழுக்கள் சீக்கிரம் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத மூலையில் நடுங்கள்.

தேனுக்கு இட்லிப்பூ, துளசி, ஒற்றை அடுக்குச் செம்பருத்தி. செம்பருத்திக்குத் தேன்சிட்டும் வரும். உண்ணிச்செடி (லாண்டானா) வேண்டவே வேண்டாம். அதன் பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவி விதையை எங்கெங்கோ கொண்டுபோய்ப் போடும். நம் காடுகளை அது மூடிக்கொண்டிருப்பது போதும்.

இரண்டு சுவருக்கு நடுவே இருக்கும் இடம் என்பதால் வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். நான்கைந்து மணி நேரம் வெயில் படும் இடத்தில், ஜூன் மழையோடு நடுங்கள்.

அல்சூர்: கறிவேப்பிலையைப் புழு மொட்டையடிச்சிருச்சு. வேப்பெண்ணெய் இயற்கை மருந்துதானே, அடிக்கலாமா சார்?

அடிக்காதீர்கள் அம்மா. இயற்கையோ செயற்கையோ, புழு சாகும். குருவி எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாக இருந்து, வளர்ந்ததும் பச்சையாக மாறினால் அது பட்டாம்பூச்சிப் புழுதான். செடி மறுபடி துளிர்த்துவிடும். சமையலுக்கு ஒரு செடியைக் கொசுவலையால் மூடி வையுங்கள், இன்னொன்றைப் புழுவுக்கு விடுங்கள். தையல்சிட்டு தன் குஞ்சுகளுக்கு இதுபோன்ற புழுக்களைப் பொறுக்கிப் போகும். மருந்து அடித்த தோட்டத்தில் அதற்கு வேலையில்லை.

நர்சரியில் வாங்கும் செடியில் ஏற்கெனவே மருந்து அடித்திருக்கலாம். கேட்டு வாங்குங்கள்.

விவேக் நகர்: பறவைக்குத் தண்ணித் தட்டு வெச்சா டெங்கு கொசு வராதா?

தினமும் தேய்த்துக் கழுவினால் வராது. தண்ணீரைக் கொட்டி மாற்றுவது மட்டும் போதாது. டெங்கு கொசுவின் முட்டை தட்டின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரால் விளிம்புவரை தேயுங்கள்.

ஓர் அடி அகல மண்தட்டு, ஆழம் 2 அங்குலம், ஒரு பக்கம் கூழாங்கல். கல் இல்லாவிட்டால் தேனீ மூழ்கிச் சாகும். பூனை பதுங்கும் புதரிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள்.

தொட்டிக் குளம் வைப்பவர்கள் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா, கப்பி மீன்களை விடாதீர்கள். கம்பூசியா தலைப்பிரட்டையையும் கடித்துத் தின்னும். பெருமழையில் தொட்டி வழிந்தால் மீன் ராஜகாலுவே (மழைநீர்க் கால்வாய்) வழியாக ஏரிக்கே போய்ச் சேரும்.

கம்மனஹள்ளி: சிட்டுக்குருவிக்குப் பெட்டி மாட்டி, கம்பும் போடுறேன். புறாதான் வருது அண்ணா.

தானியத்தை நிறுத்துங்கள். புறா பெருகினால் எச்சத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். சிட்டுக்குருவிக் குஞ்சுக்கு முதல் நாட்களில் தேவை பூச்சி, கம்பு அல்ல.

பெட்டி வாசல் 32 மில்லிமீட்டர் இருக்கட்டும், உட்காரக் குச்சி வேண்டாம், அடியில் நீர் வடிய நான்கு துளை. மேற்கு வெயில் படாமல் 8 முதல் 10 அடி உயரத்தில் மாட்டுங்கள். ஆனால் உங்கள் தெருவிலேயே சிட்டுக்குருவி இல்லையென்றால் பெட்டி காலியாகத்தான் கிடக்கும். அப்போது வாசலை 5 சென்டிமீட்டராக்குங்கள், குண்டுகரிச்சான் வரலாம்.

ஒயிட்ஃபீல்ட்: பூச்சிகளுக்காகத் தோட்டத்துல காய்ந்த இலையை விட்டு வெச்சா பாம்பு வருமே?

பாம்பை இழுப்பது பெரும்பாலும் எலி. குப்பையையும் கொட்டிய தானியத்தையும் அகற்றுங்கள். சருகை மதில் மூலையில் குவியுங்கள், வாசலைச் சுற்றி மூன்றடி வெறும் தரையாக இருக்கட்டும். இங்கே சாரையும் உண்டு, நாகமும் உண்டு. எதுவானாலும் கிட்டே போகாமல், பயிற்சி பெற்ற மீட்பாளரையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். இரண்டையும் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.