5¼ − 2¾: மகனுக்கு 3½ ஏன் வந்தது?

விடை 2½. மகன் எழுதிய 3½-க்கு டீச்சர் தப்புப் போட்டது சரிதான்.

உங்கள் மகன் 5-லிருந்து 2-ஐக் கழித்து 3 எழுதியிருக்கிறான். அதுவரை தப்பில்லை. அடுத்து ¼-லிருந்து ¾ போகாது என்றதும் திருப்பிப் போட்டு ¾ − ¼ = 2/4 என்று கழித்திருக்கிறான். பெரும்பாலும் இங்கேதான் வழுக்கும்.

முழு எண்ணிலிருந்து 1 கடன் வாங்க வேண்டும். பகுதி (பின்னத்தின் கீழ் எண்) 4 என்பதால் அந்த 1 என்பது 4/4. ஆக 5¼ என்பது 4 முழுசும் 5/4-ம். இப்போது 4 − 2 = 2, 5/4 − 3/4 = 2/4. மொத்தம் 2½. சாதாரணக் கழித்தல் பழக்கத்தில் கடன் வாங்கியதும் தொகுதியில் (மேல் எண்ணில்) 10-ஐக் கூட்டி 11/4 என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடன் குழப்பினால் இரண்டையும் தகா பின்னமாக்கச் (முழு எண்ணையும் சேர்த்து ஒரே பின்னமாக எழுதச்) சொல்லுங்கள்: 21/4 − 11/4 = 10/4 = 2½. எண்கள் சிறியதாக இருக்கும்வரை எனக்கு இதுதான் பிடிக்கும்.

சரிபார்க்க, விடையோடு 2¾-ஐக் கூட்டுங்கள். 2½ + 2¾ = 5¼. அவன் விடையைக் கூட்டினால் 6¼ வரும், அவனுக்கே புரிந்துவிடும்.

ஒன்று மட்டும்: பகுதிகள் வேறாக இருந்தால் முதலில் அவற்றைச் சமமாக்கிவிட்டுத்தான் கடன். 5¼ − 2⅔ என்றால் 5 3/12 − 2 8/12; பிறகு 4 15/12 − 2 8/12 = 2 7/12.