ஒன்பது லட்சம் கட்டினால் டீம் கிடைக்காது சார்

கரூரிலிருந்து ஓர் அப்பா நீளமாக எழுதியிருந்தார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், வீடியோ கேம் செய்யப் போகிறேன் என்கிறான். தலையில் ஒரு ஐடியா இருக்கிறது, அதைச் செய்ய ஆள் வேண்டும் என்று மாதக்கணக்கில் இணையத்தில் எழுதிப் பார்க்கிறான், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்கிடையில் ஒரு தனியார் கல்லூரி கேம் டிசைன் படிப்புக்கு மூன்று வருடத்துக்கு ஒன்பது லட்சம் கேட்கிறது, "இங்கே சேர்ந்தால் டீம் தானாக அமைந்துவிடும்" என்கிறார்கள். சென்னையில் ஐடியில் இருக்கும் தாய்மாமா, அதெல்லாம் வேண்டாம், மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்குங்கள், கேம் என்றாலும் கோடிங்தானே என்கிறார். பையன் கேட்பதோ அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புவியியல். வீட்டம்மா நகையை எடுத்து வெளியே வைத்தாயிற்று. "எது சார் பாதுகாப்பு?"

முதலில் ஒன்று. பையன் ரம்மி ஆடவில்லை. காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. கேம் உருவாக்குவது வேறு தொழில், அதற்கு எந்தத் தடையும் இல்லை. இதை உறவினர்களிடமும் சொல்லிவிடுங்கள். ஆறுதல் இவ்வளவுதான், இனி சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

நகையைத் திரும்ப பீரோவில் வையுங்கள். அந்தக் கல்லூரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் மாணவர்கள் சேர்ந்து செய்து முடித்த கேம்கள் எங்கே, நான் என் போனிலோ கம்ப்யூட்டரிலோ இப்போதே ஆடிப் பார்க்க லிங்க் கொடுங்கள். ஸ்டூடியோ போட்டோவும் பளபளப்பான வீடியோவும் வரும், லிங்க் வராது என்றால் முடிவு உங்களுக்கே தெரியும். லிங்க் வந்தாலும்கூட, மாதம் நீங்கள் வாங்கும் சம்பளத்துக்கு ஒன்பது லட்சம் கடன் என்பது பையன் பட்டம் வாங்கிய பிறகும் பல வருடம் துரத்தும், அந்தப் பயத்தில் அவன் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்வானே தவிர கேம் செய்யமாட்டான். மாமா சொல்வதையும் நான் ஏற்கவில்லை. நீங்கள் அனுப்பிய நோட்டுப் போட்டோக்களைப் பார்த்தேன். "கணக்கு நோட்டில் கிறுக்கி வைத்திருக்கிறான்" என்று எழுதியிருந்தீர்கள். அது கிறுக்கல் இல்லை சார். காவிரி வாய்க்கால், மதகு, மடை, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் போகும், எங்கே அடைத்தால் யாருக்குக் காயும் என்று கட்டம் போட்டு வரைந்திருக்கிறான். கேம் தொழிலில் இதற்கு லெவல் டிசைன் என்று பெயர், இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் மனசு போகிற பையன் புவியியல் கேட்கிறான், அதுவும் சில ஆயிரம் ரூபாயில் முடிகிற படிப்பு. விட்டுவிடுங்கள், படிக்கட்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

சரி, ஆள் ஏன் கிடைக்கவில்லை? அவன் போட்ட அறிவிப்பையும் அனுப்பியிருந்தீர்கள். நாற்பது கிராமம், ஐந்து பருவம், நூறு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம், புரோகிராமர் இரண்டு பேர், ஓவியர், இசையமைப்பாளர் தேவை, சம்பளம் இப்போது கிடையாது, விற்றால் பங்கு, ஐடியாவை ரகசியமாக வைத்திருப்பதாக உறுதி தந்தால்தான் சொல்வேன். இதைப் படிக்கிற புரோகிராமர் என்ன நினைப்பார்? அவரிடமே இப்படி நாலு ஐடியா தூங்கிக்கொண்டிருக்கும். முகம் தெரியாத ஒருவரின் கனவுக்காக மூன்று வருட ராத்திரிகளைக் கொடுக்க அவருக்கு என்ன தலையெழுத்து? ரகசியம் என்பதும் வீண். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய, வரைந்த, புரோகிராமாக அடித்த வடிவத்துக்குத்தான் உண்டு. நம் உச்ச நீதிமன்றம் 1978-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொத்தி வைத்தால் திருட்டும் போகாது, துணைக்கும் யாரும் வரமாட்டார்கள்.

ஆள் கிடைக்கிற இடம் கேம் ஜாம். நம் பெற்றோர்களில் பாதிப்பேர் இந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஒரு தலைப்பு கொடுப்பார்கள், இரண்டு நாளோ ஒரு வாரமோ கெடு, அதற்குள் ஒரு சின்ன கேமைச் செய்து ஏற்றவேண்டும். லுடும் டேர் என்ற ஜாம் 2002-லிருந்து நடக்கிறது. அதில் 48 மணி நேரப் பிரிவு தனி ஆளுக்கு, 72 மணி நேரப் பிரிவுக்கு டீமாகப் போகலாம். குளோபல் கேம் ஜாம் 2009-ல் தொடங்கியது, ஜனவரி கடைசியில் வரும், பல நாடுகளில் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நேரில் கூடிச் செய்வார்கள். இட்ச்.ஐஓ என்ற தளத்தைத் திறந்தால் ஏதாவது ஒரு ஜாம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், சேரப் பெரும்பாலும் காசு இல்லை. இவனுக்கு நான் சொல்வது கோடோட் வைல்ட் ஜாம்: மாதாமாதம் வருகிறது, ஒன்பது நாள், அதாவது இரண்டு சனி ஞாயிறு கிடைக்கும், கல்லூரிக்குப் போய்க்கொண்டே செய்யலாம். கோடோட் என்பது கேம் செய்யும் மென்பொருள், இலவசம், இரண்டு பரிமாண கேமுக்கு உங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பே போதும், புதிது வாங்காதீர்கள். படம் வரையத் தெரியாதா, கென்னி என்ற தளத்தில் யாரும் எதற்கும் பயன்படுத்தும்படி படங்களைச் சும்மா கொடுத்திருக்கிறார்கள்.

விளையாட்டுத்தனமாகத் தெரிகிறதா? ஹாலோ நைட் என்று 2017-ல் வந்து உலகம் முழுக்க விற்ற கேமின் விதை, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சிலர் 2013 லுடும் டேரில் செய்த ஒரு குட்டி கேம். செலஸ்ட் என்ற இன்னொரு புகழ்பெற்ற கேமும் முதலில் இரண்டு பேர் நாலு நாளில் செய்தது. நம் பக்கத்துக் கதை வேண்டுமென்றால் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்து 2023-ல் வந்த வெண்பா என்ற கேமைப் பாருங்கள், டொரண்டோவில் ஒரு சின்ன டீம் செய்தது, மறு வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் கேம் விருது வாங்கியது.

தம்பி, இனி உன்னிடம். முதல் ஜாமுக்குத் தனியாகப் போ, ஒரு மதகு, ஐந்து வயல், ஒரு ராத்திரி, தண்ணீர் போதாது, அவ்வளவுதான் கேம். கேவலமாக வந்தாலும் ஏற்று. நாற்பது கிராமத்தைப் பற்றி வாயே திறக்காதே. இரண்டாவது ஜாமில், அதை நடத்துபவர்கள் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் வைத்திருக்கும் ஆள் தேடும் சேனலில் இப்படி எழுது: "நான் லெவல் வரைவேன், இதோ போன மாதம் செய்த கேம், கோடோட் கொஞ்சம் தெரியும், தினமும் இரவு 8 முதல் 10 வரை இந்திய நேரத்தில் இருப்பேன், ஒரு புரோகிராமரோ ஓவியரோ இருந்தால் சேர்ந்து செய்யலாம்." நீ என்ன தருவாய் என்பது முதல் வரியிலேயே இருக்கவேண்டும், அந்த லிங்க்தான் பேசும். இசை போடுகிறவர்கள் ஜாமுக்கு ஜாம் டீம் தேடிக்கொண்டே இருப்பார்கள், சுலபமாகக் கிடைப்பார்கள். புரோகிராமருக்குத்தான் போட்டி, அதனால் நீயும் கோடோட்டில் புரோகிராம் எழுதும் மொழியான ஜிடிஸ்கிரிப்டின் அடிப்படையைக் கற்றுவிடு, கேமை நீயே எழுதுவதற்காக இல்லை, அவரிடம் எதைக் கேட்டால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று புரிவதற்காக. மூன்று பேருக்கு மேல் சேர்க்காதே. கோப்புகளை கிட்ஹப் என்ற பகிர்வுத் தளத்தில் வையுங்கள், ஒரே சீனில், அதாவது கேமின் ஒரே பகுதிக்கான கோப்பில், ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை வைக்கக் கூடாது, யாருக்கு எந்த சீன் என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைசி ராத்திரி சண்டைதான். பிரவுசரிலேயே ஓடும்படி ஏற்று, டவுன்லோடு செய்து ஆட முக்கால்வாசிப் பேருக்குப் பொறுமை கிடையாது. கெடு முடிய நாலைந்து மணி நேரம் இருக்கும்போதே ஒரு பிரதி ஏறியிருக்க வேண்டும்.

ஜாம் முடிந்த அடுத்த வாரத்தை நிறையப் பேர் வீணடிக்கிறார்கள், உண்மையில் கூட்டாளி அகப்படுவது அப்போதுதான். மற்றவர்களின் கேம்களை ஆடு, எது பிடித்தது, எங்கே சிக்கினாய் என்று நாலு வரி ஒழுங்காக எழுது, "சூப்பர் ப்ரோ" வேண்டாம். அவர்கள் திரும்பி வந்து உன் கேமை ஆடுவார்கள். உன் டீமில் யார் பாதியில் காணாமல் போனார், யார் "இது முடியாது, இதை வெட்டிவிடலாம்" என்று முன்னாடியே சொன்னார் என்று பார்த்துவை. திறமை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் இரண்டாவது ஆளைத்தான் அடுத்த ஜாமுக்கும் கூப்பிடவேண்டும். ஒரே ஆளோடு இரண்டு மூன்று ஜாம் முடித்த பிறகு வாய்க்கால் கதையைப் பெரிதாகச் செய்யலாமா என்று கேள், அப்போது ஐடியா கேட்க அவரே உட்காருவார்.

சார், பணம் பற்றி மறுபடியும். விற்கிற அளவுக்கு ஒரு கேம் வந்தால் ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் போட ஒரு கேமுக்கு 100 டாலர் ஆகும். அதுவரை பைசா செலவு வேண்டாம். "மூணு லட்சம் கொடுங்க, நாங்களே உங்க பையன் கேமைச் செஞ்சு தர்றோம்" என்று வரும் கம்பெனிகளுக்குப் போனையே எடுக்காதீர்கள். விற்பதற்கு முன் யாருக்கு எத்தனை சதவீதம், யார் படம், யார் புரோகிராம், பாதியில் விலகினால் என்ன என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். வரைந்தவருக்கே படம் சொந்தம் என்பதுதான் நம் பதிப்புரிமைச் சட்டம், உரிமை கை மாற எழுத்து வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. பையனுக்குப் பதினெட்டு முடியாதவரை அவன் போடும் ஒப்பந்தமும் செல்லாது, அதற்குள் எதுவும் விற்கிற நிலைக்கு வந்தால் நீங்கள் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

முகம் தெரியாதவர்களோடு பழகுவானே என்றும் கேட்டிருந்தீர்கள், நியாயமான பயம். பேச்செல்லாம் ஜாமின் பொதுச் சேனலிலோ டீம் முழுக்க இருக்கும் சேனலிலோ நடக்கட்டும், போன் நம்பர், வீட்டு முகவரி, பள்ளிச் சான்றிதழ் எதுவும் யாருக்கும் போகக் கூடாது. டீமில் சேர முன்பணம் கட்டு என்று ஒருவன் கேட்டால் அன்றைக்கே பிளாக் செய்துவிட்டு, ஜாம் நடத்துபவர்களிடம் புகார் எழுதச் சொல்லுங்கள்.