எந்த வழியில் கசின்?

கேள்வி: ஜார்ஜெட் ஹேயரின் 'தி கிராண்ட் சோஃபி' படித்தேன். 1816 லண்டன், நடனம், குதிரை வண்டி, கிண்டல் எல்லாம் பிரமாதம். ஆனால் கடைசியில் சோஃபி தன் கசினையே கல்யாணம் செய்துகொள்வது அருவருப்பாக இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு இதைக் கொடுக்கலாமா? (அவளுடைய அத்தை மகன் அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து வருகிறான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கசின்! இந்தச் சொல்லை இந்த இதழில் ஏற்ற மாட்டேன் என்று பல வருடமாகப் பிடிவாதம் பிடித்துவருகிறேன். கேள்விக்குள் வைத்து உள்ளே கடத்திவிட்டீர்கள். போன மாதம் ஒரு ரிசப்ஷனில், பந்தியில் பக்கத்து இலைப் பையன் அடுத்திருந்த பெண்ணைக் காட்டி, "என் கசின், சார்" என்றான். "எந்த வழி? அத்தை மகளா, சித்தப்பா மகளா?" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பையன் எழுந்து அம்மாவைத் தேடிப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் எனக்குப் பாயசம் வந்துவிட்டது.

சரி, சோஃபி. அவளுடைய அப்பா சர் ஹோரஸ், லேடி ஆம்பர்ஸ்லியின் உடன்பிறந்தவர். அந்த அம்மாளின் மூத்த மகன்தான் சார்ல்ஸ். ஆக, சோஃபி அவனுக்கு மாமன் மகள். சாட்சாத் முறைப்பெண்! நம் ஊராக இருந்தால் முதல் அத்தியாயத்திலேயே தட்டு மாற்றியிருப்பார்கள், நாவலே தேவைப்பட்டிருக்காது.

உடம்பு கூச வேண்டிய இடம் வேறு. ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் (1814) ஃபேனி கட்டிக்கொள்ளும் எட்மண்ட் அவளுடைய பெரியம்மா மகன். அண்ணன் ஐயா, அண்ணன்! ஆங்கிலத்தில் அவனும் கசின், சார்ல்ஸும் கசின். அதே ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாயகன் டார்ஸிக்குத் தன் மகளைக் கட்டிவைக்கத் துடிக்கும் லேடி கேத்தரின் யார்? அவனுடைய அம்மாவின் உடன்பிறந்தவள். அந்தப் பெண் அவனுக்குச் சகோதரி முறை. அவன் மறுத்தது எலிசபெத்தின் கண்களுக்காக என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு வேறு சந்தேகம்.

ஆனால் ஆஸ்டின் வீட்டிலேயே முறை பிசகாத கல்யாணம் ஒன்று நடந்திருக்கிறது. ஜேனின் அத்தை ஃபிலடெல்ஃபியா 1752இல் மாப்பிள்ளை தேடிச் சென்னைக்குக் கப்பலேறி வந்தவர். மறு வருடம் பிப்ரவரியில் கடலூரில் கம்பெனி டாக்டர் ஹேன்காக்கைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்கள் மகள் எலிசாவை 1797இல் ஜேனின் அண்ணன் ஹென்றி கட்டினார். அத்தை மகள்! பெண் பத்து வயது மூத்தவள், முதல் கணவரைப் பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டினுக்குப் பறிகொடுத்தவள் என்பதெல்லாம் இருக்கட்டும், முறை சரி. எல்லாம் கெடிலத்துத் தண்ணீர் செய்த வேலை என்று கடலூர்க்காரனான நான் சொல்ல ஆரம்பித்தால் நண்பர்கள் வெற்றிலை போட எழுந்து போய்விடுகிறார்கள்.

டார்வினும் மாமன் மகளைத்தான் கட்டினார். பிறகு பிள்ளைகள் சீக்காளிகளாக இருந்தபோது, ரத்த சொந்தத்தில் கட்டியதால்தானோ என்று கவலைப்பட்டார். நம் டாக்டர்கள் சொல்வதும் அதுதான். அது ஆட்சேபம், ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு அந்த நாவலில் தொண்டையில் சிக்குவது கல்யாணமே அல்ல. சார்ல்ஸின் தம்பி பட்ட கடனைத் தீர்க்க, சோஃபி தனியாளாக வட்டிக்காரன் வீட்டுக்குப் போகிறாள். குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் மயிருறைக்குள் கைத்துப்பாக்கி. கட்டம் அமர்க்களம். ஆனால் வட்டிக்காரன் யூதன். பிசுக்கேறிய சுருள்முடி, மூக்கு, இளிப்பு, அழுக்கு அறை என்று யூதரைக் கேவலப்படுத்த ஐரோப்பா காலங்காலமாகச் சேர்த்துவைத்திருந்த சாமான் அத்தனையும் அங்கே இறங்கியிருக்கிறது. நாவல் வந்தது 1950இல். நாஜிகள் யூதர்களைக் கொன்றுகுவித்த ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்டு ஐந்தே வருடம். 1816இல் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சப்பைக்கட்டு கட்டுவார்கள். ஆனால் அந்த வருணனை எந்தப் பாத்திரமும் பேசுவதல்ல, ஆசிரியர் தாமே எழுதுவது. கழுத்துத் துணியை எப்படி முடிச்சுப் போட்டார்கள் என்பதைக்கூடத் தேடிப் படித்து எழுதிய அம்மாள், மனிதன் ஒருவனை எழுத மட்டும் பழைய அச்சை எடுத்து ஒரு குத்துக் குத்திவிட்டார்.

அமெரிக்காவில் அண்மையில் வந்த பதிப்பில் அந்த இடங்களைத் திருத்திவிட்டார்கள். எனக்குச் சம்மதமில்லை. செத்துப்போனவர் வரியில் கை வைக்கக் கூடாது. முன்னுரையில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். நான் மூன்று முறை படித்திருக்கிறேன். மூன்று முறையும் அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டுக் காபி போடப் போனேன். மூன்று முறையும் காபியோடு திரும்பி வந்து மிச்சத்தைப் படித்தேன், சிரித்துக்கொண்டேதான்.

மகளுக்குக் கொடுங்கள். அப்புறம், ஒன்று கவனித்தேன். சோஃபிக்கு சார்ல்ஸும் அத்தை மகன்தான், ஆனால் அவனைக் கசின் என்று எழுதினீர்கள். பெங்களூர்ப் பையன் மட்டும் உங்கள் கடிதத்தில் அத்தை மகன். சம்பந்தமில்லை என்கிறீர்கள். சரி.