சமீபத்தில் படித்த நாவல், சுயசரிதை, கட்டுரை நூல்களில் உங்கள் மனதை விட்டுப் போகாதது எது? ஏன்?

ஒரே பெயரைச் சொல்லச் சொன்னால் ‘மயிலம்மா: போராட்டமே வாழ்க்கை’. மயிலம்மா சொல்லச் சொல்ல ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதியது. கவிஞர் சுகுமாரன் தமிழில் தந்திருக்கிறார். பெரிய புத்தகம் ஒன்றும் இல்லை. நீங்கள் வேலை முடிந்து வந்து ராத்திரி நாலு பக்கம் புரட்டிவிட்டுத் தூங்கிப் போகிறவராக இருந்தாலும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

நான் பதில் எழுத வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேரளத்தில் இருக்கும் தமிழர்களுக்கு சினிமாவும் சீரியலும் போதும், புத்தகம் படிக்கிற வழக்கமே கிடையாது என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன். மனசு கேட்கவில்லை. எனக்கு சித்தூர் தாலுகா. ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இங்கேயே தமிழ் மீடியத்தில் படித்து, இங்கேயே வாக்கப்பட்டு, பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், தமிழுக்கென்று ஒரு பீரோ இருக்கிறது. அதில் உள்ளதை எல்லாம் படித்து முடித்தவர்கள் எங்கள் தெருவிலேயே சிலர் உண்டு. புதுசாக வேண்டுமென்றால் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோவைக்குத்தான் போகவேண்டும். கொடிசியாவில் புத்தகத் திருவிழா நடக்கும்போது போய் அள்ளிக்கொண்டு வருவோம். மயிலம்மா எனக்கு அப்படி வந்ததுதான்.

மயிலம்மாவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிளாச்சிமடை எங்களுக்கு பஸ்ஸில் போய்வருகிற தூரம், பெருமாட்டி பஞ்சாயத்து. 2000இல் அங்கே கோக்கோகோலா கம்பெனியின் ஆலை வந்தது. கொஞ்ச காலத்திலேயே சுற்றியிருந்த காலனிகளில் கிணறுகள் வற்றின, இருந்த தண்ணீரும் வாயில் வைக்க முடியாமல் போனது. பருப்பு வேகவில்லை, சோறு சீக்கிரம் கெட்டுப்போகிறது, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22ஆம் தேதி ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அதில் முன்னால் நின்றவர் மயிலம்மா. எரவாளர் என்ற ஆதிவாசி சமூகம், கூலி வேலை, பள்ளிக்கூடம் போகாதவர். 2004 மார்ச்சில் ஆலை ஓட்டம் நின்றது. 2007 ஜனவரியில் அவர் இறந்துபோனார். அரசு போட்ட உயர்நிலைக் குழு அந்தப் பகுதிக்கு ஆன நஷ்டம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குச் சொன்னது 2010இல். அதைக் கேட்க அவர் இல்லை.

இதெல்லாம் பேப்பரில் வந்ததுதான். எனக்கும் முன்பே தெரியும். புத்தகத்தில் எனக்குக் கிடைத்தது வேறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அத்தைக்கு எழுத்து தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். சாயங்காலம் பால் கறந்து சொசைட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்த பிறகு நான் சத்தமாகப் படிப்பேன், அவர் கடலைக்காய் உரித்துக்கொண்டு கேட்பார். வேறு புத்தகங்களுக்கு “உம்” போடுவதோடு சரி. இதற்கு ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தினார். தண்ணீர் தூக்கப் போகிற இடம் வந்ததும், “இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணு வெச்சு நடந்தா வழியில பேச்சு வராது புள்ள, மூச்சுத்தான் வரும்” என்றார். கோர்ட்டு, கேஸு, பஞ்சாயத்துத் தீர்மானம் என்று போனால், “அத வுடு, கெணத்துக்கு வா” என்பார். மறுபடி கிணற்றுப் பக்கங்களையே படிக்கச் சொல்வார். கிணறு எத்தனை ஆழம், படி உண்டா, கயிறா, கப்பியா, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு நாள் கேட்டார், “அந்தப் பொம்பள பந்தல்ல போயி உக்காந்துட்டா, ஊட்ல யாரு கஞ்சி காச்சுனாங்க? கூலிக்கு யாரு போனாங்க?”

நான் மயிலம்மாவைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். பாராட்டுக் கட்டுரைகள், பேட்டிகள், அஞ்சலிகள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்கிற வீட்டில் ஒரு பெண் வெயிலில் போய் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. மறுநாளும் போச்சு. தலைவர்கள் வருவார்கள், பேசுவார்கள், போட்டோ எடுப்பார்கள், கார் ஏறிப் போவார்கள். அவர்கள் வீட்டில் உலை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அத்தை கேட்ட பிறகு நான் அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். இந்தத் தடவை ஆலையை விட்டுவிட்டு வீட்டையே கவனித்துப் படித்தேன். சின்ன வயதிலிருந்து செய்த வேலை, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் எதற்காக இவ்வளவு சொல்கிறார் என்று முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. அந்த வாழ்க்கையில் இருந்து எழுந்து போய்த்தான் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார் என்பது பிறகு விளங்கியது.

இதே சமயத்தில் இரண்டு நாவல்களும் படித்தேன். இரண்டுமே பிழைப்பு தேடிப்போன நம் ஆட்களைப் பற்றியவை.

ஒன்று தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’, 1947இல் மலையாளத்தில் வந்தது. சுந்தர ராமசாமி இளவயதிலேயே தமிழாக்கியது. ஆலப்புழை நகரத்தின் மலத்தை அள்ளிச் சுமந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள். இசக்கிமுத்து, அவன் மகன் சுடலைமுத்து, அவன் மகன் மோகனன். தன் பிள்ளை தோட்டியாகக் கூடாது என்பதற்காகச் சுடலைமுத்து காசு சேர்க்கிறான், அதற்காகத் தன் கூட்டத்தையே காட்டிக்கொடுக்கிறான். படிக்கப் படிக்க அவன்மேல் ஆத்திரம் வரும், அதே சமயம் அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் வரும். பள்ளிக்கூட நாளில் டவுனுக்குப் போனால் தமிழர் என்பதால் எங்களைப் ‘பாண்டி’ என்று கூப்பிட்டுச் சிரிப்பவர்கள் இருந்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன சரித்திரம் இருக்கிறது என்று இந்த நாவலைப் படித்தபோது புரிந்தது. மலையாளி ஒருவர்தான் இதை எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்த நன்றி எனக்கு உண்டு.

இன்னொன்று பி.எச். டேனியலின் ‘எரியும் பனிக்காடு’. 1969இல் ஆங்கிலத்தில் வந்ததை இரா. முருகவேள் தமிழில் கொடுத்தார். ‘பரதேசி’ படம் இதிலிருந்துதான் எடுத்தார்கள். கருப்பனும் வள்ளியும், வேலைக்கு ஆள் பிடிக்க வந்த மேஸ்திரி கொடுத்த அட்வான்ஸை நம்பித் தேயிலைத் தோட்டத்துக்கு மலையேறுகிறார்கள். எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், நெல்லியாம்பதி எஸ்டேட்டில் இருந்தவர். அட்டைக்கடி, மழை, கணக்கில் தீராத கடன் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு வளர்ந்ததால், அந்த நாவலில் மேஸ்திரி இனிக்க இனிக்கப் பேசும் இடத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இரண்டும் நல்ல நாவல்கள்தான். நாவலைவிடச் சுயசரிதை உயர்ந்தது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் ஒன்று தோன்றியதைச் சொல்கிறேன். தகழி வக்கீல், டேனியல் எஸ்டேட் டாக்டர். இருவரும் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள், மனசாட்சியோடு எழுதினார்கள். கருப்பனுக்கும் சுடலைமுத்துவுக்கும் அடுத்து என்ன நடக்கவேண்டும் என்பதை எழுதியவர்கள்தான் முடிவு செய்தார்கள். மயிலம்மாவின் கதையில் அதை மயிலம்மாவே முடிவு செய்திருக்கிறார். ராத்திரி புத்தகத்தை மூடும்போது இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது.

“சொல்லி எழுதியதில் அவர் குரல் எவ்வளவு, எழுதியவர் கைவேலை எவ்வளவு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எழுதுகிறவர் வெட்டாமல் ஒட்டாமல் எந்தப் பேச்சும் புத்தகமாகாது. ஆனால் என் மாமியார் கண்டுபிடித்திருப்பார். தண்ணீர் தூக்காதவர் இட்டுக்கட்டிய வரி ஒன்று இருந்திருந்தாலும் அங்கேயே நிறுத்தி “இது பொய்” என்று சொல்லக்கூடியவர் அவர். அப்புறம், நான் எந்தக் கட்சிக்காரியும் இல்லை. ஆலை மூடியதால் வேலை போனவர்களும் உண்டு, அவர்கள் பேச்சையும் கேட்டிருக்கிறேன், அதையும் யாராவது எழுதினால் படிப்பேன்.

இதே ரகத்தில் ‘திருடன் மணியன்பிள்ளை’யும் படித்தேன். ஒரு திருடர் சொல்ல ஜி.ஆர். இந்துகோபன் எழுதியது. குளச்சல் மு. யூசுப்பின் தமிழாக்கத்துக்கு 2018ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் நுழையும் சாமர்த்தியத்தைப் பக்கம் பக்கமாகக் கேட்டபோது, களவு போன வீட்டுக்காரியின் நினைப்புத்தான் எனக்கு வந்தது. பாதிக்கு மேல் மெதுவாகத்தான் போனேன்.

இதை எழுதும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து உறுத்துகிறது. பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் வாயால் சொன்னது மூன்று மொழிகளில் அச்சாகியிருக்கிறது. டிகிரி வரை படித்த நான், எங்கள் தெருக் குடிநீர்க் குழாயைப் பற்றித் தமிழில் ஒரு மனு எழுதி இங்கே ஒரு ஆபீசில் கொடுத்தேன். உள்ளே இருந்தவர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று மேசைமேலேயே திருப்பித் தள்ளினார். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் வந்தது. தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியில் தரவேண்டும் என்று அதில் இருக்கிறது. எனக்கு மலையாளம் நன்றாக எழுத வரும், அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருப்பேன். எனக்குப் பின்னால் தமிழ் மனுவோடு ஒரு வயதானவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வராது. அதனால்தான் நான் எழுதிக் கொடுக்கவில்லை, சட்டத்தைச் சொல்லி அங்கேயே நின்றேன். கடைசியில் இரண்டு மனுவையும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு வந்த பதில் மலையாளத்தில்தான் இருந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். நாவல்கள் இரண்டும் ஓரளவு பெரிய நூலகங்களில் கிடைக்கும், இரவல் வாங்கியே படித்துக்கொள்ளலாம். கையில் ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மயிலம்மாவை வாங்குங்கள். வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் அவர்களை உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள், அவர்கள் நிறுத்தச் சொல்கிற இடத்தில் நிறுத்துங்கள்.