மருத்துவர் பதில்: மாத்திரை பலிக்கவில்லை, பழி யாருக்கு?

கேள்வி: சிங்கப்பூர் யீஷூனில் வசிக்கிறேன். வயது 34, இரண்டு பிள்ளைகள். கருத்தடை மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை; வாந்தி, வயிற்றுப்போக்கோடு மூன்று நாள் படுத்திருந்தபோதும் அட்டையில் அன்றைய கிழமைக்குரியதை விழுங்கினேன். இப்போது 7 வாரக் கரு. கலைக்கலாமா என்றால், "கவனமாக இருந்திருக்க வேண்டும், நீதான் பொறுப்பு, பெற்றுத்தான் ஆகவேண்டும்" என்கிறார் மாமியார். கணவர் வாய் திறப்பதில்லை. நான் பொறுப்பற்றவளா?

பதில்: இல்லை, சகோதரி. விழுங்கிய 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரை உடலில் சேராமலே போகலாம். அட்டை காலியாவதால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது. கருத்தடை மாத்திரை எடுக்கும் 100 பெண்களில் ஓராண்டில் சுமார் 7 பேர் கருவுறுகிறார்கள், ஆணுறையை நம்புவோரில் சுமார் 13 பேர்.

கருவும் உயிர்தான் என்ற உங்கள் மாமியாரின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஸ்கேன் திரையில் 7 வாரத் துடிப்பைக் கண்ட எவரிடமும் "அது ஒன்றுமில்லை" என்று நான் சொன்னதில்லை. ஆனால் கருவின் மதிப்பு, தாய் கவனமாக இருந்தாளா இல்லையா என்பதைப் பொறுத்துக் கூடுவதோ குறைவதோ இல்லை என்பதால், "நீ செய்தாய், நீயே சும" என்ற வாதம் கருவுக்காகப் பேசவில்லை. பிறக்கப்போகும் குழந்தையைத் தாய்க்கு விதித்த அபராதமாக்குகிறது. அதுவும் இருவர் சேர்ந்து உண்டாக்கிய கருவுக்கு ஒருவர் மீது மட்டும்!

சிங்கப்பூர்ச் சட்டம் இந்த முடிவை உங்களிடம்தான் விட்டிருக்கிறது. 24 வாரம் வரை உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் போதும். கணவரோ மாமியாரோ கையெழுத்திடத் தேவையில்லை. மனசாட்சி இடம்கொடுக்காத மருத்துவர், தாயின் உயிரைக் காக்கவோ அவருக்கு நிரந்தரக் கடும் பாதிப்பு வராமல் தடுக்கவோ தேவைப்படும் சிகிச்சை தவிர, விலகிக்கொள்ளவும் அதே சட்டம் அனுமதிக்கிறது. ஆலோசகரைச் சந்திப்பது கட்டாயம், அதன்பின் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாளைச் சடங்காகக் கழித்துவிடாதீர்கள். தயக்கம் இருந்தால் அதை ஆலோசகரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வாரக்கணக்கு, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. ஆகவே கரு உண்டாகி ஏறத்தாழ 5 வாரம்தான் ஆகியிருக்கும். மாத்திரையால் கலைக்கும் முறை, மாதவிலக்கிலிருந்து எண்ணும் அதே கணக்கில், பொதுவாக முதல் 9 வாரம் வரையே என்பதால், இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இணையத்தில் மாத்திரை வாங்காதீர்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ மயக்கமோ வந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

இன்றே கருத்தடை மாத்திரையை நிறுத்துங்கள். இதுவரை எடுத்ததால் குழந்தைக்கு ஊனம் வரும் என்று அஞ்சி முடிவெடுக்க வேண்டாம், அதற்கு ஆதாரமில்லை. பெற்றுக்கொள்வதாக இருந்தால் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், மாமியார் காதில் விழும்படி அவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரட்டும்.