நான்கு மணிப் பசிக்கு என்ன வழி?

கேள்வி: சென்னை பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடியில் இருக்கிறோம். காலை 6 மணிக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினால் இரவு 7 மணிக்குத்தான் திரும்புவேன். மகனுக்கு 9 வயது. உயரம் 132 செ.மீ., எடை 42 கிலோ. எடை அதிகம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். நாங்கள் சாப்பிடுவதே ரேஷன் அரிசிதான். இதில் எதைக் குறைப்பது?

பதில்: சோற்றைக் குறைப்பதில் தொடங்க வேண்டாம். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் (1.32 × 1.32) வகுத்தால் உங்கள் மகனுக்கு 24 வருகிறது. இந்த வயதுப் பையனுக்கு அது 21-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்பதால், பள்ளியில் சொன்னது சரிதான். ஆனால் அவன் வளரும் பிள்ளை. எடை ஏறாமல் 42-லேயே நின்றால்கூட, உயரம் கூடக் கூட இந்த எண் இறங்கிவிடும்.

நான் கவலைப்படுவது அவன் பள்ளி விட்டு வரும் 4 மணிக்கும் நீங்கள் திரும்பும் 7 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பற்றித்தான். மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு அப்போது பசிப்பது இயல்பு. கையில் இருக்கும் 20 ரூபாய்க்குக் கீழ்க் கடையில் கிடைப்பது ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் ஒரு குளிர்பானமும்தான். 200 மி.லி. குளிர்பானத்தில் ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லத்தக்க அளவு அந்த ஒரே பாட்டிலில் முடிந்துவிடுகிறது. இரவே கொண்டைக்கடலையையோ தட்டைப்பயறையோ ஊறப்போட்டு, காலையில் சோற்றோடு வேகவைத்து, ஒரு முட்டையுடன் டப்பாவில் வைத்துவிட்டுப் போங்கள். கண்ணெதிரே சாப்பாடு இருந்தால் கடைக்கு இறங்குவது குறையும்.

அடுத்தது எண்ணெய். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயிலில் சுமார் 8,000 கலோரி உள்ளது. பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து நேராகச் சட்டியில் சாய்த்தால் எவ்வளவு விழுகிறது என்பது தெரியாது; கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

இந்த வயதில் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும். நீங்கள் இல்லாதபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கச் சொல்வது பாதுகாப்புக்காகத்தான். அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மாலையில் வீட்டிலிருக்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் முறைவைத்துக் கீழே உட்கார்ந்தால், அந்த மாடிப் பிள்ளைகள் எல்லோருமே விளையாடலாம். உங்கள் முறையை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி வளாகத்தைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி 2020-லேயே வந்துவிட்டது; பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்தச் சுமை முழுவதையும் ஒரு தாயின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல.

இன்று இரவே அவன் கழுத்தின் பின்புறத்தைப் பாருங்கள். தோல் கறுத்துத் தடித்திருந்தால் அழுக்கென்று நினைத்துத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அப்படி இருந்தாலும், தூக்கத்தில் குறட்டை விட்டாலும், தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.